புதிதாகக் கட்டிய வீடு: சாவி வாங்குமுன் தனி ஆய்வாளரை வைத்துப் பார்க்க வேண்டுமா?

நிலாமுற்றம்:

அனைவருக்கும் வணக்கம். கட்டுநர் ஒருவர் கட்டி முடித்து விற்பனைக்கு வைத்திருக்கும் தனி வீடு ஒன்றை வாங்குவதற்கு நானும் என் கணவரும் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் செய்திருக்கிறோம். கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும் வைத்துக் கட்டப்பட்ட, கீழ்த்தளமும் மேல்தளமும் கொண்ட வீடு. அதற்கு மேல் மொட்டை மாடி. குளியலறைகள் மூன்றில் இரண்டு மேல்தளத்தில் இருக்கின்றன. வண்ணம் அடித்தாகிவிட்டது; மின் இணைப்பும் தண்ணீர் இணைப்பும் வந்துவிட்டன. கடைசித் தவணையைச் செலுத்திவிட்டுச் சாவியைப் பெற்றுக்கொள்ளலாம் என்று கட்டுநரின் அலுவலகத்திலிருந்து கடிதமும் வந்துவிட்டது.

பணம் செலுத்துவதற்கு முன் எங்கள் சார்பில் ஒரு கட்டட ஆய்வாளரை அழைத்துச் சென்று வீட்டைப் பார்க்கச் சொல்லலாமா என்று கேட்டபோது, கட்டுநர் தரப்பில் அது தேவையில்லை என்கிறார்கள். உள்ளாட்சி அமைப்பின் நிறைவுச் சான்று இருக்கிறது, வங்கியின் மதிப்பீட்டாளர் நேரில் வந்து பார்த்துவிட்டார், தங்கள் பொறியாளர் ஒவ்வொரு கட்டத்திலும் கூடவே இருந்தார், ஓராண்டுக்குள் எந்தக் குறை வந்தாலும் செலவின்றிச் சரிசெய்து தருவோம் என்பவை அவர்கள் சொல்லும் காரணங்கள். என் மாமனாரும், பழைய வீட்டுக்குத்தான் இதெல்லாம், இன்னும் ஒருவரும் குடியேறாத வீட்டில் என்ன பழுது இருக்கப்போகிறது என்கிறார்.

என் கண்ணில் பட்டவை இரண்டு. மேல்தளக் குளியலறை ஒன்றுக்கு நேர்கீழே இருக்கும் அறையின் மேற்கூரையில், ஒரு மூலையில் மட்டும் வண்ணம் மற்ற இடத்தைவிடச் சற்றுப் பளிச்சென்று இருக்கிறது. மேல்தளப் படுக்கையறை ஜன்னலின் மேல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு மயிரிழை விரிசல் போகிறது. இவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று தெரியவில்லை. புதிய வீட்டில் ஆய்வாளர் உண்மையில் என்னதான் பார்ப்பார், அதனால் எங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

தூக்குக்குண்டு:

சகோதரிக்கு வணக்கம். வீடு வாங்குவோர் சார்பில் கட்டடங்களை ஆய்வு செய்வது என் தொழில் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை மனத்தில் வைத்துக்கொண்டே என் கருத்தைப் படியுங்கள்.

ஆய்வு செய்யுங்கள், கடைசித் தவணை உங்கள் கையில் இருக்கும்போதே செய்யுங்கள். உங்கள் மாமனார் கேட்பது நியாயமான கேள்விதான், ஆனால் விஷயம் நேர்மாறானது. பழைய வீடு பல மழைக்காலங்களைக் கண்டிருக்கும். கூரை ஒழுகக்கூடியதாக இருந்தால் கறை தெரியும். அடித்தளம் இறங்கக்கூடியதாக இருந்தால் பெரும்பாலும் இறங்கி முடித்து, அதற்கான விரிசலையும் காட்டியிருக்கும். புதிய வீட்டில் ஒருவரும் குளித்ததில்லை, எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்ததில்லை, மழை மொட்டை மாடியில் தேங்கி நின்றதில்லை. ஆகையால் அங்கே குறையின் தடயத்தைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, வீட்டை வேலை வாங்கிப் பார்ப்பதுதான் ஆய்வின் பெரும்பகுதி.

கட்டுநர் சொல்லும் சான்றுகள் பொய் அல்ல. அவை வேறு கேள்விகளுக்கான விடைகள். உள்ளாட்சி அமைப்பு, கட்டடம் அனுமதிக்கப்பட்ட வரைபடத்துக்கும் குறைந்தபட்சப் பாதுகாப்பு விதிகளுக்கும் பொருந்துகிறதா என்று பார்க்கிறது. குளியலறைத் தரையின் சரிவு சரியாக இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது அதன் வேலை அன்று. வங்கியின் மதிப்பீட்டாளர், கடன் திரும்பாவிட்டால் இந்தச் சொத்தை எவ்வளவுக்கு விற்கலாம் என்று வங்கிக்குச் சொல்கிறவர். கட்டுநரின் பொறியாளர் திறமையானவராகவே இருக்கலாம், ஆனால் வேலை தாமதமானால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. இவர்கள் எவரும் உங்களுக்காகப் பார்க்கவில்லை.

புதிய வீட்டில் குறை எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். வீடு கட்டும் வேலையில் ஒவ்வொரு குழுவும் முந்தைய குழுவின் வேலையை மூடிவிட்டுப் போகிறது. கம்பியைக் கான்கிரீட் மூடுகிறது, குழாயைப் பூச்சு மூடுகிறது, நீர்ப்புகாப் பூச்சை டைல்ஸ் மூடுகிறது, எல்லாவற்றையும் வண்ணம் மூடுகிறது. நீர்ப்புகாப் பூச்சு அடித்தவர் போன பிறகு, கழிவுக் குழாயின் இடத்தைச் சற்று மாற்ற வேண்டும் என்று குழாய்க்காரர் அதே இடத்தில் உளி வைத்தால், அந்த ஓட்டையைச் சுற்றி மறுபடியும் பூச்சு அடித்தார்களா என்பது அன்று அங்கே நின்றவருக்கு மட்டுமே தெரியும். அதனால்தான் அடித்தளக் கான்கிரீட் போடுமுன், தளத்துக்குக் கம்பி கட்டி முடித்த பின், சுவர்ப் பூச்சுக்கு முன் என்று கட்டம் கட்டமாகப் பார்ப்பதே சிறந்த ஆய்வு. உங்கள் வீட்டில் அந்தக் கட்டங்கள் கடந்துவிட்டன. கட்டுநரிடம் அந்தக் கட்டங்களின் புகைப்படங்களும், வீட்டுக்குப் போட்ட அதே கான்கிரீட்டில் வார்த்த சோதனைக் கனசதுரங்களின் 28ஆம் நாள் வலிமைச் சோதனை முடிவுகளும் இருந்தால் கேட்டு வாங்குங்கள். ஒழுங்காக வேலை செய்கிறவர்களிடம் இவை பெரும்பாலும் இருக்கும்.

இனி உங்கள் மேற்கூரை மூலை. வண்ணம் அங்கே மட்டும் வேறாக இருப்பதற்கு, மின்விளக்குக்காக வெட்டிய இடத்தை மூடியது போன்ற எளிய காரணமும் இருக்கலாம். ஆனால் அதற்கு மேலே குளியலறை இருப்பதால், நீர்தேக்கிச் சோதனை செய்யாமல் விடக்கூடாது. குளியலறையின் வடிகால் வாயைக் காற்றடைத்த ரப்பர் அடைப்பானாலோ, பிளாஸ்டிக் பையில் கட்டிய ஈரத்துணியாலோ இறுக்கி மூடி, வாசற்படியைத் தாண்டாத அளவில் தரையின் உயரமான பகுதியிலும் 25 மில்லிமீட்டர் நிற்குமாறு தண்ணீர் தேக்க வேண்டும். நீர்மட்டத்தைச் சுவர் டைல்ஸில் ஒட்டிய தாள்நாடாவில் கூரிய பென்சிலால் குறிக்க வேண்டும். அருகிலேயே அகன்ற தட்டு ஒன்றில் அதே ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அதன் மட்டத்தையும் குறித்து வைக்க வேண்டும். காற்றில் ஆவியாவது எவ்வளவு என்பதைத் தட்டு சொல்லிவிடும். கதவைப் பூட்டிச் சாவியை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, 24 மணி நேரம் கழித்து இரண்டு குறிகளையும் ஒப்பிட வேண்டும். தரையில் இருக்கும் நீர் தட்டில் இருப்பதைவிடக் கூடுதலாக இறங்கியிருந்தால், கீழே ஈரம் தெரியாவிட்டாலும் நீர் எங்கோ போகிறது என்று பொருள். முதலில் அடைப்பான் கசிகிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் குழாயைச் சுற்றிய இணைப்பையும் சுவர்த் தரை மூலையையும் சந்தேகப்பட வேண்டும். கான்கிரீட் ஊடாக நீர் இறங்கிக் கீழே கறை காட்ட நாட்கள் ஆகும் என்பதால், மேற்கூரையை மட்டும் பார்த்துவிட்டு "கசிவில்லை" என்று எழுதுகிற அறிக்கையை ஏற்காதீர்கள். சோதனைக்கு முன்பும் பின்பும் ஈரமானியால் மேற்கூரையின் அதே புள்ளிகளை அளந்து ஒப்பிடுவது நல்லது. தெர்மல் கேமராவைக் கண்டு பலரும் வியக்கிறார்கள். அது ஈரத்தை நேரடியாகக் காண்பதில்லை, பரப்பின் வெப்ப வேறுபாட்டைத்தான் காட்டுகிறது. எங்கே ஈரமானியை வைக்க வேண்டும் என்று சுட்டிக்காட்ட அது உதவும், அவ்வளவே.

மொட்டை மாடிக்கும் இதே சோதனைதான். அதோடு கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை வளைவாகப் பூசப்பட்டிருக்கிறதா, மழைநீர்க் குழாயின் வாய் தளத்தின் தாழ்ந்த புள்ளியில்தான் இருக்கிறதா என்பவற்றையும் பார்க்க வேண்டும். தளத்தில் சரிவு மீட்டருக்கு 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நீர் ஆங்காங்கே தேங்கும்.

விரிசலைப் பொறுத்தவரை, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்புவது மிகச் சாதாரணமான ஒன்று. திறப்பின் மூலையில் இழுவிசை குவிகிறது; பூச்சு உலர்ந்து சுருங்கும்போது அங்கேதான் முதலில் விடும். உள்ளே தெரியும் விரிசல் அதே சுவரின் வெளிப்புறத்திலும் அதே இடத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் தெரிந்தால் அது பூச்சோடு நிற்கவில்லை. ஒரு மில்லிமீட்டருக்குள் இருப்பவற்றை வண்ணம் அடிக்கும்போதே அடைத்துவிடலாம். 5 மில்லிமீட்டரைத் தாண்டியவை, அகலம் ஒரு முனையில் அதிகமாகிக்கொண்டே போகிறவை, தூணிலோ உத்தரத்திலோ இருப்பவை ஆகியவற்றைக் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்க வேண்டும். இப்போதைக்கு விரிசலின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதியை எழுதி வையுங்கள்.

சாந்துக்கரண்டி:

நான் எதிர்ப்பக்கத்தில், கட்டுநரிடம் தள மேற்பார்வையாளராக வேலை செய்கிறவன். மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், குறிப்பாக நீர்தேக்கிச் சோதனையைப் பற்றி. ஆனால் ஆய்வு என்ற பெயரில் நடப்பவை எல்லாம் அவர் சொல்லும் தரத்தில் இருப்பதில்லை.

எங்கள் கைக்கு வரும் அறிக்கைகளில் பாதிக்கு மேல் எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? கதவில் கீறல், சுவிட்சுப் பலகை சற்றுச் சாய்வு, ஜன்னல் கண்ணாடியில் வண்ணத் துளி. இவற்றையும் நாங்கள் சரிசெய்துதான் தர வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நூறு படங்களோடு தடிமனாக வரும் அந்த அறிக்கையில், வெளிச்சுவரை ஒட்டிய மண் சுவரை நோக்கிச் சரிந்திருக்கிறது என்ற ஒரே முக்கியமான குறை எங்கோ நடுப்பக்கத்தில் சிறிய எழுத்தில் கிடக்கும், அல்லது இருக்கவே இருக்காது. வாங்குகிறவரும் கீறல்களுக்காகவே எங்களோடு சண்டை போட்டுக் களைத்துவிடுவார். எனவே, சகோதரி, ஆய்வாளரை அமர்த்துமுன் அவர் முன்பு எழுதிய அறிக்கை ஒன்றை, பெயர் விவரங்களை மறைத்துத் தரச் சொல்லிப் படியுங்கள். பாதுகாப்பைப் பாதிப்பவை, நீர் புகும் குறைகள், அழகு சார்ந்தவை என்று அவர் பிரித்து எழுதுகிறாரா என்பது ஒன்றே அவருடைய தரத்தைச் சொல்லிவிடும். குறையைக் கண்டுபிடித்துவிட்டு, அதை நானே ஆள் வைத்துச் சரிசெய்து தருகிறேன் என்று சொல்கிறவரைத் தவிர்த்துவிடுங்கள்.

நாங்கள் அதிகம் தவறவிடும் இடம் எது என்று கேட்டால், கழிவுக் குழாய் என்பேன். டைல்ஸ் போட்டு முடித்தவர்கள் மீந்த சிமென்ட் பாலையும், டைல்ஸ் இடைவெளிகளை நிரப்பும் க்ரௌட் கழுவிய நீரையும் வடிகால் வாயிலேயே ஊற்றிவிடுவதுண்டு. அது வளைவில் படிந்து கல்லாகிவிடும். கைகழுவினால் தெரியாது, குடும்பம் குடியேறி நாலு வாளித் தண்ணீர் சேர்ந்து போகும்போதுதான் எதிர்த்து வரும். ஆய்வன்று ஒவ்வொரு வடிகால் வாயிலும் முழு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றச் சொல்லி, வெளியே கழிவுக் குழாய்கள் வந்து சேரும் தொட்டியான சேம்பரின் மூடியைத் திறந்து நின்று, நீர் தடையின்றி வந்து சேர்கிறதா, கூடவே மணலோ சிமென்ட் துகளோ வருகிறதா என்று பாருங்கள். டைல்ஸைப் பொறுத்தவரை, ஒரு மரக்கட்டையால் தட்டிப் பார்த்தால் அடியில் சாந்து நிறையாத கல் வெற்றொலி எழுப்பும். ஓரத்தில் சிறிதளவு வெற்றொலி கேட்பதற்கெல்லாம் கல்லைப் பெயர்க்கச் சொல்ல வேண்டாம். நடமாட்டம் உள்ள இடத்தில் கல்லின் நடுவிலோ மூலையிலோ கேட்டால் மாற்றச் சொல்லுங்கள், அது உடையும்.

செங்கல் சுவரும் கான்கிரீட் உத்தரமும் சேரும் இடத்தில் நேர்கோடாகக் கிடைமட்ட விரிசல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இரண்டும் வெப்பத்தில் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வருவது அது. பூசுமுன் அங்கே கோழிவலை அடித்திருக்க வேண்டும். அடிக்காமல் விட்டதன் அடையாளம் அது என்று எங்கள் ஆட்களிடமே சொல்லலாம்.

மின்னோட்டம்:

மின்வேலையைப் பற்றி இதுவரை ஒருவரும் எழுதாததால் சேர்க்கிறேன். பொதுவான கட்டட ஆய்வாளர்கள் பலர் ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு விளக்கைச் செருகி, எரிகிறது என்று குறித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். விளக்கு எரிவதற்கு எர்த் கம்பி தேவையே இல்லை என்பதால், எர்த் இணைக்கப்படாத பிளக்கிலும் அது நன்றாகவே எரியும்.

கசிவு மின்னோட்டத்தில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தியிருக்கிறார்களா, மனித உயிரைக் காக்கும் 30 மில்லி ஆம்பியர் வகைதானா என்று முதலில் பாருங்கள். அதன் முகப்பில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தியதும் அது மின்சாரத்தைத் துண்டித்து விழுந்தால், கருவியின் உள்ளிருக்கும் பொறியமைப்பு இயங்குகிறது என்பது மட்டும் உறுதியாகும். பொத்தான் கருவிக்குள்ளேயே செயற்கையான கசிவை உண்டாக்குகிறது; வீட்டின் எர்த் கம்பி அந்தச் சோதனையில் பங்கெடுப்பதே இல்லை. எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் பொத்தான் ஒழுங்காக வேலை செய்யும். உரிய கருவியைக் கொண்டு, 30 மில்லி ஆம்பியர் கசிவில் 300 மில்லி விநாடிக்குள் துண்டிக்கிறதா என்றும், ஒவ்வொரு பிளக்கிலிருந்தும் எர்த் தடம் முழுமையாக இருக்கிறதா என்றும் அளக்க வேண்டும். மூன்று சிறுவிளக்குகள் கொண்ட மலிவான சோதிப்பான் சில பிழைகளைக் காட்டும் என்றாலும், நியூட்ரலும் எர்த்தும் இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடிக்காது.

மின்னோட்டம் அளவை மீறினால் தானாக விழும் சுவிட்சான எம்.சி.பி.க்கும் மின்கம்பியின் பருமனுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதும் முக்கியம். அடிக்கடி விழுகிறதே என்று மெல்லிய கம்பிக்குப் பெரிய எம்.சி.பி.யை மாட்டிவிட்டால், கம்பி சூடாகி உருகும்வரை அது விழாது. பலகையின் மூடியைக் கழற்றி, எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டியிருப்பதை ஒவ்வொன்றாக அணைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இந்த வேலைக்கு உரிமம் பெற்ற மின்பணியாளரைத் தனியாக அழைப்பதே சரி.

நிலாமுற்றம்:

மூவருக்கும் மிக்க நன்றி. இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்லிக் கேட்டதில், கட்டுநர் ஆய்வுக்கு ஒப்புக்கொண்டுவிட்டார், ஆனால் இரண்டு நிபந்தனைகள் வைக்கிறார். கடைசித் தவணை செலுத்தி, வீடு எங்கள் பெயருக்கு மாறிய பிறகே ஆய்வு நடக்க வேண்டுமாம். ஆய்வாளரும் அவர்கள் தரும் பட்டியலில் உள்ளவராக இருக்க வேண்டுமாம். எப்படியும் ஓராண்டு உத்தரவாதம் இருக்கிறதே, முன்னே பார்த்தால் என்ன, பின்னே பார்த்தால் என்ன என்று கேட்கிறார்கள். என் கணவருக்கும் இதில் தவறில்லை என்றே தோன்றுகிறது. எங்கள் ஒப்பந்தத்தில் ஆய்வைப் பற்றி எதுவும் இல்லை. வீடு "குடியிருக்கத் தகுந்த நிலையில், ஒப்புக்கொண்ட விவரக்குறிப்பின்படி" ஒப்படைக்கப்படும் என்ற வரி மட்டும் இருக்கிறது.

திண்ணை வழக்கு:

வீடு வாங்குவோரின் ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வது என் வேலை. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்பதால் உங்கள் ஒப்பந்தத்தை உங்கள் பகுதி வழக்கறிஞரிடம் காட்டிக்கொள்ளுங்கள். பொதுவாகப் பொருந்துவதை மட்டும் எழுதுகிறேன்.

முன்னே பார்ப்பதற்கும் பின்னே பார்ப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பணம் கைமாறுவதற்கு முன் கண்டுபிடித்த குறையை, ஒப்பந்தப்படி வேலை முடியவில்லை என்று நீங்கள் சொல்லலாம். அதைச் சரிசெய்து தவணையை வாங்கிக்கொள்ளும் அவசரம் கட்டுநருக்கு இருக்கும். பின்னால் கண்டுபிடித்தால் அதே குறை உத்தரவாதக் கோரிக்கையாக மாறிவிடும். அது முன்பே இருந்ததா, நீங்கள் குடியேறிய பின் வந்ததா என்ற கேள்வி அப்போது எழும்; உடைந்த கண்ணாடி, அடைத்துக்கொண்ட வடிகால் போன்றவற்றில் அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவே முடியாது. ஓராண்டு உத்தரவாதம் என்று சொல்லும் தாளையும் முழுமையாகப் படியுங்கள். விரிசல், வண்ணம், வடிகால் அடைப்பு ஆகியவற்றை விலக்கிவைத்து எழுதப்பட்ட உத்தரவாதங்கள் ஏராளம். கட்டமைப்புக்கான பொறுப்பு பல இடங்களில் சட்டப்படியே அதைவிட நீண்ட காலத்துக்கு உண்டு. இவர்கள் தரும் ஓராண்டுத் தாளில் கையெழுத்திடும்போது அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஏதேனும் வரி இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

பட்டியலில் உள்ள ஆய்வாளர் என்பதை ஏற்க வேண்டாம். ஆய்வாளருக்கு அடுத்த வேலையைக் கொடுக்கப்போகிறவர் யாரோ, அவர் மனம் கோணாமல்தான் அறிக்கை வரும். அதே சமயம், வேலைத்தளத்துக்கு வெளியாள் வருவதில் கட்டுநருக்கு இருக்கும் கவலையும் உண்மையானதே. விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு, எதையாவது உடைத்துவிட்டால் யார் தருவது என்று அவர் கேட்பது நியாயம். தொழில்முறைக் காப்பீடு உள்ள ஆய்வாளரை அழைத்து, கட்டுநரின் பொறியாளர் கூடவே இருக்க, எதையும் உடைக்காமல் பார்ப்போம் என்று எழுதிக் கொடுத்தால் பெரும்பாலானோர் இறங்கிவருவார்கள்.

உங்கள் ஒப்பந்தத்தில் ஆய்வுப் பிரிவு இல்லாவிட்டாலும், "ஒப்புக்கொண்ட விவரக்குறிப்பின்படி" என்ற வரி உங்களுக்குச் சாதகமானது. வீடு அப்படித்தான் இருக்கிறதா என்று சரிபார்க்காமல் நான் எப்படி ஏற்க முடியும் என்று அந்த வரியை மேற்கோள் காட்டிக் கடிதம் எழுதுங்கள். வாய்ப்பேச்சாக எதையும் விடாதீர்கள். ஆய்வுக்குப் பின் குறைகளின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வது என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். சரிசெய்த பிறகு அதே ஆய்வாளர் மறுபடியும் வந்து பார்ப்பதற்கான கட்டணத்தையும் இப்போதே அவரோடு பேசி முடித்துக்கொள்ளுங்கள். மறு ஆய்வு இல்லாத ஆய்வு பாதி வேலைதான்.

நிலாமுற்றம்:

ஐயா சொன்னபடியே கடிதம் எழுதினோம். சற்று இழுபறிக்குப் பிறகு, தவணைக்கு முன்பே, நாங்கள் தேர்ந்தெடுத்த ஆய்வாளரும் ஒரு மின்பணியாளரும் பார்க்க அனுமதித்தார்கள். ஜன்னல் விரிசல் உட்புறம் மட்டுமே இருக்கிறது, பூச்சுச் சுருக்கம் என்று சொல்லிவிட்டார். சமையலறைப் பிளக்குகள் இரண்டில் எர்த் இணைக்கப்படவில்லை. அன்று மாலையே சரிசெய்துவிட்டார்கள். மாடிக் குளியலறைகளில் ஒன்றில் தண்ணீரும் தட்டும் சமமாக இறங்கின. மற்றொன்றில், அந்தப் பளிச்சென்ற மூலைக்கு மேலே இருப்பதில், தட்டில் இரண்டு மில்லிமீட்டரும் தரையில் பதினொரு மில்லிமீட்டரும் இறங்கியிருந்தன. அடைப்பான் கசியவில்லை என்பதை ஆய்வாளர் தனியாகச் சோதித்துக் காட்டினார். கீழே ஈரமானியின் அளவும் ஏறியிருந்தது.

கட்டுநர் மறுக்கவில்லை. ஆனால் டைல்ஸைப் பெயர்க்காமல், இணைப்புகளைச் சுரண்டி எபாக்சி என்ற பிசின் வகை க்ரௌட் போட்டு, வடிகால் வாயைச் சுற்றி ரசாயனம் ஊற்றிச் சரிசெய்துவிடலாம் என்கிறார். தரையை உடைத்தால் அதே நிறத்தில் கல் கிடைக்காது என்பது அவர் காரணம். இதை ஏற்கலாமா?

தூக்குக்குண்டு:

ஏற்க வேண்டாம். டைல்ஸ் இணைப்புகள் நீரைத் தடுப்பதற்காக வைக்கப்பட்டவை அல்ல. எபாக்சி க்ரௌட் போட்டால் மேலிருந்து இறங்கும் நீர் குறையும் என்பது உண்மைதான், ஆனால் கசிவு டைல்ஸுக்கு அடியில் குழாயும் தளமும் சேரும் இடத்தில் இருந்தால் அது அப்படியே இருக்கும். முதல் சில மாதங்கள் கறை நின்றுவிட்டதைப் போலத் தோன்றி, உத்தரவாதம் முடியும் தறுவாயில் திரும்பி வரக்கூடிய வகைப் பழுது இது. அதற்குள் கான்கிரீட்டின் உள்ளிருக்கும் இரும்புக் கம்பிக்கும் ஈரம் போய்க்கொண்டிருக்கும்.

நிறம் கிடைக்காது என்பது அழகைப் பற்றிய கவலை. அதற்கு, அந்த ஒரு குளியலறையின் தரை முழுவதையும் வேறு கல்லில் போட்டுத் தரச் சொல்லலாம். சுவர்க்கல்லின் அடிவரிசையையும் சேர்த்து மாற்றினால் பொருத்தமாகவே இருக்கும். அடிவரிசையைக் கழற்றுவது வேறொரு காரணத்துக்காகவும் தேவை. நீர்ப்புகாப் பூச்சு தரையோடு நின்றுவிடாமல் சுவரிலும் ஏற வேண்டும், குளிக்கும் பகுதியில் இன்னும் உயரமாக. பழைய பூச்சு சுவரில் ஏறியிருக்கிறதா என்பது கல்லைக் கழற்றினால்தான் தெரியும்.

வேலையின்போது மூன்று இடங்களில் நிறுத்தச் சொல்லுங்கள். தரைக்கல்லும் சாந்தும் எடுத்துத் தளம் தெரிந்ததும், வடிகால் குழாயைச் சுற்றி என்ன இருக்கிறது என்று புகைப்படம் எடுங்கள். குழாய்க்கும் கான்கிரீட்டுக்கும் இடையே சுருங்காத சாந்து நிரப்பாமல் உடைசல் கல்லையும் சாதாரணச் சாந்தையும் போட்டு மூடியிருப்பார்கள் என்பது என் ஊகம். அப்படியிருந்தால் மற்றொரு குளியலறையும் அதே குழுவின் வேலைதானா என்று கேளுங்கள். சோதனையில் அது தேறியிருந்தாலும், அறிக்கையில் அதைக் குறித்துவைத்து உத்தரவாதக் கால இறுதியில் மீண்டும் நீர் தேக்கிப் பார்க்க வேண்டும். இரண்டாவதாக, புதிய பூச்சு தயாரிப்பாளர் சொல்லும் காலம் முழுவதும் உலர்ந்த பின், கல் போடுவதற்கு முன்பே 24 மணி நேரம் நீர் தேக்குங்கள். கல் போட்டுவிட்டால் பிழை எங்கே என்று மறுபடியும் தேட வேண்டியிருக்கும். மூன்றாவது, கல் போட்டு முடித்து க்ரௌட் இறுகிய பிறகு அதே தட்டோடு அதே சோதனை.

கீழே மேற்கூரையின் பூச்சு நன்றாக உலரும்வரை வண்ணம் அடிக்க விடாதீர்கள். ஈரமானியின் அளவு அறையின் நடுப்பகுதியில் இருக்கும் அளவுக்கு இறங்கும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகு கடைசித் தவணைக்கான தேதியைக் கட்டுநரோடு பேசிக்கொள்ளலாம். அவசரமாகக் குடியேற வேண்டியிருந்தால், மறு ஆய்வுக் கட்டணமும் இந்தக் குளியலறை வேலையின் மதிப்பும் சேர்ந்த தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியைச் செலுத்துவதற்கு எழுத்துமூலம் ஒப்புக்கொள்வார்களா என்று வழக்கறிஞர் வழியாகக் கேட்டுப் பாருங்கள்.